எட்டு நிமிட நோயாளி

மாக்கிரட்டுக்குக் காலை ஒன்பது மணிக்கு முழங்கால் நோகத் தொடங்கும். எட்டு நிமிடத்தில் மணி அடித்ததும் நோவு போய்விடும். இரண்டு நிமிடம் காலை நீட்டி இருந்து தண்ணீர் குடிப்பாள். மறுபடி மணி அடிக்கும், மறுபடி நோகும். இப்படி மூன்று நாளில் ஐம்பத்தெட்டுத் தடவை அவள் நோயாளியானாள். மன்னார் பேசாலையிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த இருபத்து மூன்று வருடத்தில் அவள் செய்த வேலைகளிலே, கதிரையில் இருந்தபடி செய்த வேலை இது ஒன்றுதான்.

லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோரா கர்தெல்லாவின் வீட்டில் அவள் பதினேழு வருடமாக வேலை செய்கிறாள். சிஞ்ஞோரா, அதாவது வீட்டு அம்மா, இருதய வைத்தியர். நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு சிறிய தனியார் மருத்துவக் கல்லூரியில் மாணவர் தெரிவுக்குழுவுக்குத் தலைவியும் அவர்தான். எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களை அங்கே நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். ஒரு நீண்ட நடையில் ஐந்து கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் எட்டு நிமிடம். முதல் நான்கு கதவுகளுக்குப் பின்னால் கேள்வி கேட்பவர்கள் இருப்பார்கள். ஐந்தாவதில் ஒரு நோயாளி இருப்பார், உண்மையான நோயாளி அல்ல.

முந்திய ஆண்டு நோயாளியாக நடித்தவர் ஒரு நாடக நடிகை. அவர் மிக நன்றாக நடித்ததில் மூன்று மாணவர்கள் அழுதார்கள், ஒருவன் அம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டான். "இந்த முறை நடிக்கத் தெரியாத ஒருவர் வேண்டும்" என்று சிஞ்ஞோரா சமையலறையில் நின்று யாரிடமோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனால் முறைப்பாடு சொல்லத் தெரிய வேண்டும்." அந்த நேரம் மாக்கிரட் வீடு கூட்டப் புதிதாக வாங்கிய தும்புத்தடியைப் பற்றித் தும்புத்தடியிடமே முறையிட்டுக்கொண்டிருந்தாள். சிஞ்ஞோரா தொலைபேசியை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நோயாளியாக இருப்பவருக்குத் தெரிவுக்குழுவிலும் ஒரு கதிரை உண்டு, ஒரு வாக்கும் உண்டு. வைத்தியர்களை வைத்தியர்களே தெரிவு செய்தால், தங்களைப்போலவே இருப்பவர்களைத்தான் தெரிவு செய்வார்கள் என்பது சிஞ்ஞோராவின் கட்சி. சிஞ்ஞோராவின் இன்னொரு சட்டம், மாணவர்களுக்குப் பெயர் கிடையாது என்பது. மார்பில் ஒரு எண். அவ்வளவுதான். பலேர்மோவில் ஒரு குடும்பப் பெயரைச் சொன்னால், அறைக்குள் இருக்கும் யாராவது ஒருவருக்கு அவன் மருமகனாகவோ, மருமகனின் சிநேகிதனாகவோ இருப்பான். எண்ணுக்கு மாமன் இல்லை. ஒரு மாணவரின் குடும்பம் தெரிந்த உறுப்பினர், அவரைப் பற்றிக் கதைக்கும்போது அறையை விட்டு வெளியே போகவேண்டும்.

மாக்கிரட்டிடம் ஒரு தாள் தந்தார்கள். அதன்படி அவள் சிஞ்ஞோரா பினா. வயது எழுபத்திரண்டு, விதவை, பலேர்மோக்காரி, முழங்கால் நோவு. உண்மையில் பினா குளியலறையில் விழுந்துவிட்டாள். மகளுக்குத் தெரிந்தால் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவாள் என்ற பயத்தில் அதை மறைக்கிறாள். மாணவர் பக்குவமாகக் கேட்டால் மட்டும் சொல்லவேண்டும்.

போர்கோ வெக்கியோவில் உள்ள அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் ஒத்திகை நடந்தது. கணவன் ஸ்ரான்லிக்கு ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் வேலை. அன்று அவர்தான் மாணவர்.

"என்ன செய்யுது?" என்றார் ஸ்ரான்லி.

"முழங்கால் நோகுது, டொக்டர்."

"எண்ணெய் பூசினனீரோ?"

"நோயாளியை நீர் எண்டு கதைக்கக் கூடாதப்பா."

"டொக்டருக்கு வந்த பிறகும் உம்மட்டைப் பேச்சு வாங்கவேணுமோ? சரி. விழுந்தனீங்களோ?"

"இல்லை."

"பொய். குளியலறையிலை விழுந்தது எண்டு தாளிலை கிடக்கு."

"அது நான் சொல்லக் கூடாது. நீங்கள் கண்டுபிடிக்கவேணும்."

"கண்டுபிடிச்சிட்டன்தானே, தாளிலை."

ஸ்ரான்லி தெரிவாகவில்லை.

முதல் நாள் முதல் மாணவி உள்ளே வந்து கதிரையில் இருந்ததும், மாக்கிரட் ஒரு வேலை செய்தாள். அதைப் பிழை என்று அவள் நினைக்கவே இல்லை. "நீ ஆற்றை பிள்ளை?" என்று கேட்டாள்.

பேசாலையில் ஒரு புது முகம் படலைக்குள் வந்தால், தண்ணீர் கொடுப்பதற்கு முதல் கேட்பது அது: யாருடைய பிள்ளை? போர்கோ வெக்கியோவில் மரக்கறி விற்கும் கிழவரும் புது முகத்திடம் அதையேதான் கேட்பார்: "ஆ கு அப்பர்த்தேனி?" நீ யாரைச் சேர்ந்தவன் என்று ஊர்ச் சிசிலியன் பேச்சில் அர்த்தம்; மாக்கிரட் மாணவியிடம் கேட்டதும் அந்தச் சொற்களில்தான். இரண்டு கடல்களுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கேள்வி இருந்ததால், அது மனிதர்கள் எல்லாரும் கேட்பதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பினாவும் பலேர்மோக்காரிதானே. பினா கேட்காமல் விடுவாளா? உண்மையில் அந்தக் கேள்வியைத்தான் தன் நடிப்பின் சிறந்த பகுதியாக மாக்கிரட் மனதுக்குள் வைத்திருந்தாள்.

ஐம்பத்தெட்டுப் பேரிடமும் கேட்டாள். இது ஏதோ பொறி என்று சிலர் சந்தேகப்பட்டுச் சுவரில் கமரா தேடினார்கள். ஒரு பெரிய வைத்தியரின் மகன் காது சிவந்து, தகப்பன் பெயரை மெதுவாகச் சொன்னான். மாக்கிரட் தலையாட்டாததால் சத்தமாக இன்னொரு தடவை சொன்னான். ஒருவன், தான் மனித குலத்தைச் சேர்ந்தவன் என்றான். மாக்கிரட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்க முன்னம், மெஸ்ஸீனாவில் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் மகன் என்று ஒத்துக்கொண்டான்.

நாற்பத்து நாலாம் எண் மட்டும் வேறு விதம். கழுத்துப்பட்டி கட்டிய மெலிந்த பெடியன். "சிஞ்ஞோரா, இன்றைக்கு நாம் உங்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்" என்று புன்னகையுடன் சொல்லிவிட்டு, தலையை ஒரு பக்கம் அளவாகச் சரித்துக் கேள்விகளைத் தொடங்கினான். ஆறாவது நிமிடத்தில் பினா குளியலறையில் விழுந்ததைக் கண்டுபிடித்தான். மகளைப் பற்றிய பயத்தையும் கண்டுபிடித்தான். தாளில் இருந்த எல்லாப் பெட்டிகளுக்கும் மாக்கிரட் சரி போட்டாள். அவனில் ஒரு பிழையும் இல்லை. போகும்போது கதிரையைக்கூட இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

முப்பத்தோராம் எண் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குச் சற்று முன் வந்தாள். கறுத்தப் பாவாடை, காலுக்குப் பெரிய சப்பாத்து. யாரிடமோ இரவல் வாங்கியது என்று மாக்கிரட் கணித்தாள்.

"நீ ஆற்றை பிள்ளை?"

"கபோச் சந்தையிலை நத்தை விக்கிற சாரோவின்ரை மகள்" என்றாள் அவள், படித்த இத்தாலியனை விட்டுச் சிசிலியனுக்கு இறங்கி. பிறகு கேட்டாள்: "நீங்கள் ஆற்றை பிள்ளை?"

இருபத்து மூன்று வருடத்தில் பலேர்மோவில் மாக்கிரட்டிடம் எந்த நாடு என்று கேட்டிருக்கிறார்கள். தங்குவதற்குப் பெர்மெஸ்ஸோ இருக்கிறதா, எந்த வீட்டில் வேலை, எத்தனை மணிக்கு வரமுடியும் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. எழுபத்திரண்டு வயதுப் பினா அந்தக் கணத்தில் கதிரையை விட்டு எழும்பி எங்கேயோ போய்விட்டாள்.

"பேசாலை செபமாலையின்ரை மகள்" என்றாள் மாக்கிரட்.

"கடல்பக்கமோ?"

"கடல்தான். வேறை என்ன இருக்கு அங்கை."

"ஞாயிற்றுக்கிழமையளிலை உங்கடை ஆக்கள் பெல்லெகிரினோ மலை ஏறிப் போறதைக் கண்டிருக்கிறன். நீங்களும் போறனீங்களோ?"

"குகையிலை இருக்கிற புனித ரொசாலியாவிட்டைப் போகாமல் விடுவனோ. மாதா மாதிரித்தான் எங்களுக்கு அவவும்."

"என்ரை அப்பாவுக்கும் ஆசை. ஆனால் ஏற மாட்டார். பிறஷருக்கு அடிக்கடி சலம் போற குளிசை குடுத்திருக்கினம். அடிவாரத்திலை இருந்து குகை மட்டும் ஒதுங்க ஒரு இடம் இல்லை. நீங்கள் எல்லாம் என்னண்டு சமாளிக்கிறியள்?"

மாக்கிரட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் குளிசையை விட்டிட்டன் பிள்ளை."

முப்பத்தொன்று சிரிக்கவில்லை. "எப்ப விட்டனீங்கள்?"

அவளுக்கும் பிறஷருக்கு அதே மாத்திரைதான். முதலில் ஞாயிற்றுக்கிழமைக் குளிசையை மட்டும்தான் விட்டாள். பிறகு, உடம்பு பழகட்டும் என்று சனிக்கிழமைக் குளிசை. திங்கட்கிழமை மறந்துபோவாள். பெரிய வெள்ளிக்கிழமை தவக்காலக் கடைசி என்று விட்டாள். உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் பிறகு தொடங்கவே இல்லை. எல்லாவற்றையும் முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் மளமளவென்று சொன்னாள்.

"டொக்டருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"காலமைதான் எடுக்கவேணும் எண்டு ஆர் சொன்னது? ஞாயிற்றுக்கிழமையளிலை மலையாலை இறங்கி வந்து எடுக்கலாமோ எண்டு ஒருக்கால் கேளுங்கோவன். இப்பிடி விடுறது சரியில்லை."

மணி அடித்தது. அப்போதுதான் இருவருக்கும் முழங்கால் ஞாபகம் வந்தது. முப்பத்தொன்று ஒரு கணம் அந்த முழங்காலைப் பார்த்தாள், தான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியவள்போல. பிறகு எழும்பிப் போனாள். கதிரை கோணலாகக் கிடந்தது.

மாக்கிரட் தாளைப் பார்த்தாள். எப்போது நோவு தொடங்கியது என்று கேட்டாரா? இல்லை. விழுந்ததைக் கண்டுபிடித்தாரா? இல்லை. கதவைத் தட்டினாரா, முகமன் சொன்னாரா? ஓம். இருபதில் நான்கு. தாளின் கடைசியில் புள்ளி இல்லாத ஒரு கேள்வி இருந்தது, குழுவில் பேசுவதற்காக மட்டும்: இவரிடம் திரும்பிப் போவீர்களா? மாக்கிரட் ஓம் என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தாள்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குத் தெரிவுக்குழு கூடியது. ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில் சிஞ்ஞோரா கர்தெல்லா. அவருக்கு வலப்பக்கம் உடற்கூற்றியல் பேராசிரியர் வித்ரானோ. ஒரு எண்ணைத் தசமத்துக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை சொல்லாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. இடப்பக்கம் ஷிமோனே என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர். மூலையில் ஓய்வு பெற்ற ஒரு மூத்த தாதி. வாசலுக்குக் கிட்ட மாக்கிரட், தேவாலயத்துக்கு உடுத்தும் நீலச் சட்டையில், கைப்பையை மடியில் வைத்தபடி.

ஒரு வைத்தியரைத் தெரிவு செய்வது பெரிய காரியமாக இருக்கும் என்று மாக்கிரட் எதிர்பார்த்து வந்திருந்தாள். அது பெரும்பாலும் தாள்களை அடுக்கும் காரியமாக இருந்தது. ஐந்து கதவுகளின் புள்ளிகளையும் கூட்டி, மேலே இருந்த இருபத்து மூன்று பேரை ஒரு குவியலாக வைத்தார்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் அதிகம் கதைக்கவில்லை. கீழே இருந்தவர்களைப் பற்றியும் கதைக்கவில்லை. நடுவில் இருந்த ஒரு சிலரைப் பற்றித்தான் மூன்று மணித்தியாலம் கதைத்தார்கள். ஒருவனை ஷிமோனே "முதிர்ச்சி உள்ளவன்" என்றார். அவனையே வித்ரானோ "கிழட்டுத்தனம்" என்றார். ஒருத்தியை வித்ரானோ "தன்னம்பிக்கை" என்றார். மூத்த தாதி "என் மருமகளும் அப்படித்தான்" என்றார், அதோடு அந்தப் பிள்ளை கீழே இறங்கினாள். எல்லாரும் கண்டது ஆளுக்கு எட்டு நிமிடங்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் தாங்கள் கொண்டுவந்ததையே கண்டிருந்தார்கள்.

மொத்த இடம் இருபத்து நான்கு. மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு இடமும் இரண்டு தாள்களும் மிஞ்சின. நாற்பத்து நாலு, முப்பத்தொன்று.

"நாற்பத்து நாலாம் எண், மூன்று தசம் பூச்சியம் பூச்சியம் பூச்சியம் புள்ளி முன்னால்" என்றார் வித்ரானோ. "இதில் பேச ஒன்றுமில்லை."

"முதல் நான்கு கதவுகளிலும் முப்பத்தொன்றுதான் முன்னால்" என்றார் ஷிமோனே. "ஐந்தாவதில்தான் விழுந்திருக்கிறாள். இருபதுக்கு நான்கு. நோயாளியோடு பேசத் தெரியாதவளை நாம் எடுக்கலாமா?"

வித்ரானோ தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. இருபதுக்கு நான்கு கொடுத்த நோயாளி, இவரிடம் திரும்பிப் போவேன் என்கிறார். கீழே கோடு வேறு. இரண்டு கோடு."

எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

அந்தப் பிள்ளைக்காக மாக்கிரட் கதைக்கவேண்டும் என்றால், அந்த எட்டு நிமிடத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் குளிசைக் கதையைச் சொல்லவேண்டும். அந்தக் குளிசையை எழுதிக் கொடுத்தவர் மேசையின் தலைமாட்டில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாதம் ஒரு தடவை சமையலறையில் வைத்து அவளுடைய பிறஷரைப் பார்ப்பவர் அவர். "எடுக்கிறாயா?" "ஓம் சிஞ்ஞோரா." மூன்று தடவை மருந்தைக் கூட்டியும் இறங்கவில்லை. கடைசியில் அவர் இரண்டாம் ஆண்டு விரிவுரையில் ஒரு படமே போட்டுக் காட்டத் தொடங்கிவிட்டார்: "நோயாளி எம்., ஐம்பத்தாறு வயது, மருந்துக்கு அடங்காத அழுத்தம்." மேசை துடைக்கும்போது மாக்கிரட் அந்தப் படத்தைக் கண்டிருக்கிறாள். அந்த எம். தான்தான் என்று ஸ்ரான்லியிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறாள்.

"தவறுதலாகக் கோடு விழுந்திருக்கும்" என்றார் வித்ரானோ. "அப்படியானால் நாற்பத்து நாலு."

அவர் பேனையைத் திறந்தார்.

"தவறுதலா விழேல்லை" என்றாள் மாக்கிரட்.

சொல்லத் தொடங்கினாள். எங்கே தொடங்குவது என்று தெரியாததால் முதலிலேயே தொடங்கினாள். "நான் அந்தப் பிள்ளையிட்டை ஆற்றை பிள்ளை எண்டு கேட்டனான்."

சிஞ்ஞோராவின் கண்ணாடித் துணி நின்றது.

"எண்ணுக்கு உரியவர் யாருடைய பிள்ளை என்று கேட்டீர்களா?" என்றார் வித்ரானோ.

"ஓம்."

"முப்பத்தோராம் எண்ணிடம் மட்டுமா?"

"எல்லாரிட்டையும்தான்."

"ஐம்பத்தெட்டுப் பேரிடமும்?"

"கேக்காமல் என்னண்டு ஐயா கதைக்கிறது?"

"அவர்கள் பதில் சொன்னார்களா?"

"ஓம். பன்னிரண்டாம் நம்பர் வந்து, உங்கடை பழைய..."

"சொல்லவேண்டாம்" என்று வித்ரானோ இரண்டு காதையும் பொத்தினார். ஷிமோனேயும் பொத்தினார். மூத்த தாதி மட்டும் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார்.

வித்ரானோ கையை எடுத்து, சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். "குடும்பம் தெரிந்த உறுப்பினர் வெளியே போகவேண்டும். இவருக்கு ஐம்பத்தெட்டுக் குடும்பமும் தெரியும். சட்டப்படி இவர் காலை பத்து மணியிலிருந்து நடையில் நின்றிருக்கவேண்டும்."

"கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில்" என்றார் ஷிமோனே.

"யாரிடமாவது சொன்னாயா, மாக்கிரட்?" சிஞ்ஞோராவின் குரல் மெதுவாக வந்தது.

"ஒருத்தருக்கும் இல்லை சிஞ்ஞோரா. அது சொல்லுறதுக்குக் கேக்கிறேல்லை."

"அப்படியானால் எதற்குக் கேட்டாய்?"

"கேக்கிறதுக்கு."

மாக்கிரட் மிச்சத்தையும் சொன்னாள். அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டதையும், பினா எழும்பிப் போனதையும், மலையையும், ஒதுங்க இடம் இல்லாததையும் சொன்னாள். குளிசை வந்த இடத்தில் ஒரு கணம் கைப்பையைத் திறந்து மூடினாள். பிறகு அதையும் சொன்னாள். "பினாவுக்கு என்ன வருத்தம் எண்டு அந்தப் பிள்ளை கண்டுபிடிக்கேல்லை. எனக்கு என்ன எண்டு கண்டுபிடிச்சிட்டுது. ஒருத்தருக்கும் தெரியாது, என்ரை மனுசனுக்கும் தெரியாது. அதுக்கு உங்கடை தாளிலை பெட்டி இல்லை."

சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். "உயிர்ப்பு ஞாயிறிலிருந்தா?" என்றார்.

"ஓம் சிஞ்ஞோரா."

"நோயாளி எம்.?" என்று ஷிமோனே கேட்டார். அவரும் அந்த விரிவுரையைக் கேட்டவர்போல இருந்தது. மூத்த தாதி சன்னலுக்கு வெளியே பார்த்தார், தோள்கள் மட்டும் குலுங்கின.

வித்ரானோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கணக்கில் இருந்தார். "ஐந்தாவது கதவு கெட்டுவிட்டது" என்றார். "அங்கே எல்லாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. ஒருவரிடம் நோயாளியே மாறிவிட்டார். அந்தப் புள்ளிகளை எல்லாருக்கும் நீக்கவேண்டும். மிச்ச நான்கு கதவுகளையும் வைத்து மறுபடி கூட்டுவோம்."

கூட்டினார்கள். முதல் இருபத்து மூன்று பேரில் சிலர் மேலே கீழே மாறினார்கள், ஒருவரும் விழவில்லை. இருபத்து நான்காவது இடத்தில் முப்பத்தொன்று வந்து நின்றாள். நாற்பத்து நாலு காத்திருப்போர் பட்டியலில் முதலாவது.

"அப்ப அந்தப் பிள்ளை என்னைக் கண்டுபிடிச்சதையும் நீக்கிப்போடுவியளோ?" என்றாள் மாக்கிரட்.

"கட்டாயம்."

"அதுக்குத்தானே அவளை எடுக்கவேணும்."

"அதற்காக எடுக்கவில்லை" என்றார் வித்ரானோ பொறுமையாக. "அது நடக்காததுபோல வைத்துக்கொண்டு எடுக்கிறோம்."

"அந்தக் கழுத்துப்பட்டிப் பெடியன்? அவன் என்ன பிழை செய்தவன்?"

"ஒன்றுமில்லை" என்றார் ஷிமோனே. "கடைசி இடம் எப்போதும் பிழை செய்யாத ஒருவரிடமிருந்துதான் போகும்."

வாக்கெடுத்தார்கள். ஐந்தாவது கதவை நீக்க நான்கு கைகள் உயர்ந்தன. எதிராக மாக்கிரட்டின் கை மட்டும். அப்படியாக, முப்பத்தோராம் எண்ணை ஐந்து பேரிலும் அதிகம் விரும்பியவளின் வாக்கைத் தோற்கடித்துத்தான் முப்பத்தோராம் எண் மருத்துவக் கல்லூரிக்குத் தெரிவானாள். கூட்டக் குறிப்பில் "ஐந்தாவது நிலையம் தொழில்நுட்பக் காரணத்தால் கணக்கில் எடுக்கப்படவில்லை" என்று எழுதினார்கள். தன்னை ஒருவர் தொழில்நுட்பக் காரணம் என்று எழுதியதை மாக்கிரட் வீட்டுக்குப் போய் ஸ்ரான்லியிடம் சொன்னாள்.

"அதை விடும்" என்றார் ஸ்ரான்லி. "குளிசையை எப்ப விட்டனீர், எனக்கும் தெரியாமல்?"

அந்த விசாரணை கல்லூரியில் நடந்ததைவிட நீளமாக நடந்தது.

மறுநாள் காலை லிபெர்த்தாவில் சிஞ்ஞோரா சமையலறையில் காத்திருந்தார். பிறஷர் பார்க்கும் பட்டி மேசையில் கிடந்தது. "நான் மூன்று தடவை மருந்தைக் கூட்டினேன்" என்றார்.

"ஓம் சிஞ்ஞோரா."

"கூட்டினதை நீ உண்மையாகவே எடுத்திருந்தால், மலையில் தலை சுற்றி விழுந்திருப்பாய். நீ பொய் சொன்னதால் தப்பினாய். இதை எந்த விரிவுரையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சிஞ்ஞோரா."

"எனக்குக் கோபம் உன்னில் இல்லை. மாதம் ஒரு தடவை எடுக்கிறாயா என்று கேட்டேன். ஏன் எடுக்கவில்லை என்று கேட்க நினைக்கவில்லை." சிறிது நேரம் பட்டியைச் சுருட்டினார், அவிழ்த்தார். "கோபம் கொஞ்சம் உன்னிலும் இருக்கிறது."

பழைய அளவுக்கு மருந்தைக் குறைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையால் இறங்கி வந்து எடுக்கலாம் என்று எழுதினார். நத்தைக்காரனின் மகள் கேட்கச் சொன்னதும் அதுதான். மாக்கிரட் அதைச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் பிறஷர் இறங்கியது. படத்திலிருந்து "மருந்துக்கு அடங்காத" என்ற சொற்களும் இறங்கின.

அந்த ஆண்டு இடம் கிடைத்த ஒருவரும் விலகவில்லை. நாற்பத்து நாலுக்குக் கடைசிவரை அழைப்புப் போகவில்லை. அவன் மறுபடி விண்ணப்பித்திருக்கிறான் என்று மட்டும் சிஞ்ஞோரா ஒரு நாள் சொன்னார். இந்த முறை வேறு எண்ணாக இருக்கும்.

அடுத்த ஆண்டின் ஐந்தாவது கதவுக்குப் புதிய தாள் தயாரானது. முழங்கால் போய்விட்டது. ஐம்பத்தாறு வயதுப் பெண், வெளிநாட்டுக்காரி, வீட்டு வேலை, மருந்து எடுப்பதாகச் சொல்கிறாள், ஆனால் எடுப்பதில்லை. காரணம் ஒரு மலை. கீழே தடித்த எழுத்தில், நோயாளி மாணவரின் குடும்பத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது, மாணவர் கேட்டால் பதில் சொல்லலாம் என்று இருந்தது. மாக்கிரட் அதில் நடிக்க முடியாது என்று குழு தீர்மானித்தது. அது அவளுடைய சொந்தக் கதை, நடிப்பாக இருக்காது என்றார் வித்ரானோ. அதனால் சிஞ்ஞோராவின் வீட்டுக்குக் கீழ்த்தட்டில் வேலை செய்யும் கொலெட்டை எடுத்தார்கள். கொலெட் மொரீஷியஸ்காரி. அவளுடைய முப்பாட்டன்மார் தமிழர். அவளுக்குத் தமிழ் வராது, மாக்கிரட்டுக்குக் கிரியோல் வராது. இருவரும் ஞாயிறுதோறும் இத்தாலியனில் கதைத்தபடி மலை ஏறுபவர்கள்.

மாக்கிரட்டாக எப்படி இருப்பது என்று கொலெட்டுக்கு மாக்கிரட் மலையில் வைத்தே சொல்லிக் கொடுத்தாள்.

"நீ சிரிக்கிறாய். நான் அப்பிடிச் சிரிக்கிறேல்லை."

"அப்படித்தான் சிரிப்பாய்" என்றாள் கொலெட். "இப்போதும் சிரித்தாய்."

"கைப்பையை மடியிலை வை. திறந்து திறந்து மூடாதை."

"நீ மூடுவாய்."

"ஆராவது நீ ஆற்றை பிள்ளை எண்டு கேட்டால்?"

"பேசாலே சேபமாலே மகள்."

"பேசாலை. செபமாலையின்ரை மகள். எங்கடை அப்பு கேட்டால் குழியாலை எழும்பி வந்திடுவார். இன்னொருக்கால் சொல்லு."

கொலெட் கல்படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் நான்கு தடவை சொன்னாள். ஐந்தாவது தடவை ஏறக்குறைய சரி. "யாரும் கேட்பார்களா?" என்று கேட்டாள்.

"போன வருசம் ஐம்பத்தெட்டிலை ஒராள்."

குகைக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொலெட் தன் கணவனுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று மெழுகுதிரி கொளுத்தினாள். மாக்கிரட் குடும்பத்துக்கு ஒன்று கொளுத்திவிட்டு, இன்னொன்றை எடுத்துத் தனியே வைத்தாள்.

"அது யாருக்கு?"

"நாப்பத்து நாலுக்கு."

"யார் அது?"

"தெரியாது" என்றாள் மாக்கிரட். "அவன் ஒருத்தன்தான் ஆற்றை பிள்ளை எண்டு சொல்லாமல் போனவன்."

திரி பற்றுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பற்றிய பிறகு அவள் ரொசாலியாவிடம் எண்ணை இன்னொரு தடவை சொன்னாள், பிழைபடக் கேட்டுவிடக் கூடாது என்று. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள். இறங்கிப் போய்க் குளிசை எடுக்கவேண்டும்.